நான் சேர்த்த ஒரு வரி

என் கைபேசியை வலது காதோடு ஒட்டிவைத்து, கண்களை மூடிக்கொண்டு, அண்ணன் அந்தக் குரல்பதிவை நான்கு முறை கேட்டார். காலை பத்து மணி இருக்கும். எங்கள் வீட்டுச் சமையலறையில், சன்னலோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை. இடது காது அவருக்கு மந்தம். ராணுவத்தில் ஹெட்போன் மாட்டி இரைச்சலைக் கேட்டுக் கேட்டுப் போய்விட்டது. நான் எதிரே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளைக்கு முன் சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு போர்வை வியாபாரி செத்துப்போயிருந்தான். பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் ஊர்க்காரர்கள் கூடி அடித்ததில் செத்தான்.

அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பா தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அண்ணன் ராணுவத்துக்குப் போய்விட்டார். துப்பாக்கி தூக்குவார் என்று நாங்கள் நினைத்தோம். அவருக்குக் கிடைத்ததோ காதால் செய்யும் வேலை. எதிரி வயர்லெஸ்ஸில் அனுப்பும் செய்தியைக் கேட்பது, அவன் எங்கிருந்து அனுப்புகிறான் என்று கண்டுபிடிப்பது, வேண்டும்போது அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டி அவன் பேச்சை அடைப்பது, சில நேரம் அவனுடைய ஆளைப் போலவே செய்தி அனுப்பி அவனை ஏமாற்றுவது. ஆள் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு லீவில் கேட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். "இங்கிருந்து கேட்டா சத்தம் இந்தத் திக்குல வருது. அங்கிருந்து கேட்டா அந்தத் திக்குல. ரெண்டு கோடும் எங்க முட்டுதோ, அங்க ஆளு இருக்கறான் கண்ணு." அதற்கு மேல் அவர் எதையும் சொன்னதில்லை. ஓய்வு பெற்று வந்து இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் போட்டார். வீட்டில் ஒரு ரேடியோ கூட வைத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் நடந்தது ஒரு கார்த்திகை மாதம். மலை முழுக்கக் காப்பிப்பழப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. நான் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு நாள் இடைவேளையில் கைபேசிக்கு அந்தக் குரல்பதிவு வந்தது. ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். "நம்ம ஊருக்குள்ள பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க, ரொம்ப பயமா இருக்கு" என்றாள். அன்று காலைதான் பள்ளி ஆயா, வெள்ளக்கடையில் யாரோ இந்திக்காரன் வண்டியில் போர்வை கட்டிக்கொண்டு சுற்றுகிறான் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். இரண்டையும் நான் ஒன்றாக்கினேன். குரல்பதிவை அப்படியே பள்ளியின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அதன் கீழே ஒரு வரி தட்டினேன். 'வெள்ளக்கடைப் பக்கம் போர்வை விற்பதுபோல் ஒரு ஆள் சுற்றுகிறான், பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள்.' நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். நெஞ்சில் ஒரு பெருமைகூட இருந்தது. பிறகு மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு வெள்ளக்கடை பஸ் ஸ்டாப்பில் ஒரு சின்னப்பிள்ளை அழுதுகொண்டு நின்றிருக்கிறது. அந்த ஆள் வண்டியை நிறுத்தி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான். யாரோ கத்தினார்கள், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவன் சொன்னது யாருக்கும் புரியவில்லை; புரிந்துகொள்ள யாரும் நிற்கவும் இல்லை. போலீஸ் வந்து அவனைச் சேலத்துக்குக் கொண்டுபோனது. இந்தி தெரிந்தவர் வேண்டும் என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் அவர் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தாடை உடைந்த வாயிலிருந்து வந்ததை, நல்ல காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டு, ஒரு பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டார். அவன் மனைவியின் கைபேசி எண்ணையும் அப்படித்தான் வாங்கினார். அவன் வீட்டுக்குச் சாவுச் செய்தி சொன்னவரும் அவர்தான்.

உடலை ஊருக்கு அனுப்பிய பிறகு அவர் தூங்கப் போகவில்லை. நேராக வெள்ளக்கடைக்குப் போய் வீடுவீடாகக் கேட்டிருக்கிறார். இந்தச் செய்தி உங்களுக்கு யாரிடமிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது? டீக்கடைக்காரர் ஒருவர் பெயரைச் சொல்ல, வண்டி ஒர்க் ஷாப்காரர் இன்னொரு பெயரைச் சொல்ல, அந்த இரண்டு வழியும் பின்னோக்கிப் போய்ச் சேர்ந்த இடம் எங்கள் பள்ளியின் பெற்றோர் குழு. அதன் பிறகுதான் என் சமையலறைக்கு வந்தார்.

கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "இவ நம்ம பக்கத்து ஆளில்ல கண்ணு. ரொம்பங்கறா. நம்மாளுங்கன்னா நொம்பம்பாங்க. பின்னால கேளு, ரயிலு போவுது. இந்த மலையில ஏது ரயிலு? எங்கியோ எப்பவோ பேசுனது. இதுல ஒரு ஊருப் பேருமில்ல. வெள்ளக்கடைன்னு சேத்துனது யாரு?"

"எனக்கு வந்தத அப்படியே அனுப்பிச்சேனுங்கண்ணா" என்றேன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "குரலுக்கு மேல, வந்ததை அனுப்புனதுன்னு காட்டுது. கீழ இருக்கற எழுத்துக்கு மேல அது இல்ல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அன்றுதான், ஊர் திரும்பிய இத்தனை வருடத்தில் முதல்முறையாக, தான் செய்ததைச் சொன்னார்.

எல்லையில் ஒரு மலை முகாமில் பல மாதங்கள் அவர் ஒரே ஆளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் மோர்ஸ் தந்தி தட்டுகிற ஒருவன். ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டாம். இவன் கடைசி எழுத்தைச் சற்றே இழுத்து முடிப்பான். காய்ச்சல் வந்தால்கூடத் தட்டுவதில் தெரியுமாம். "அவன் மொகத்த நான் பாத்ததில்ல. ஆனா கூடப் பொறந்தவனாட்டம் தெரியும்" என்றார். ஒருநாள் தங்கள் முகாமிலிருந்தும் இன்னொரு முகாமிலிருந்தும் அவன் திசை கிடைத்தது, வரைபடத்தில் கோடுகள் முட்டின. பீரங்கி சுட்டது. அந்தக் கை நின்றது. அதோடு முடியவில்லை. அதிகாரி வந்து, அவனைப் போலவே தட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவன் இறந்தது அவர்கள் ஆட்களுக்குத் தெரிவதற்குள், அவனுடைய இழுப்போடு, வழக்கமான பாதை பத்திரமாக இருக்கிறது என்று அண்ணன் செய்தி அனுப்பினார். ஒரு குழு அந்தப் பாதையில் நடந்து வந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

"பொய்ய ஆரும் சும்மா நம்ப மாட்டாங்க. தெரிஞ்ச கையிலிருந்து வரோணும். அன்னிக்கு அவன் கை. இன்னிக்கு உன் பேரு. டீச்சரம்மா சொன்னா பொய்யா இருக்குமான்னுதான் அத்தன பேரும் நம்புனாங்க." பிறகு, "எனக்கு உத்தரவு போட்டாங்க. அதச் சொல்லிக்கிட்டு இத்தன நாள் ஓட்டீட்டேன். உனக்கு அதுகூட இல்லியே சாமி" என்றார். அதில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்டேஷனுக்கு நீயே போய்ச் சொல்லு, நான் சொல்ல மாட்டேன் என்றார். இரண்டு நாள் நான் போகவில்லை. வேலை போய்விடும், மகள் கல்யாணம் நின்றுவிடும், ஊர் துப்பும் என்று ஒவ்வொன்றாகக் காரணம் தேடினேன். மூன்றாம் நாள் காலை அவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹாரன் அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் சேலை மாற்றிக்கொண்டு வந்து பின்னால் ஏறினேன். இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார். "ஏனுங் டீச்சர், நீங்களா?" என்று மட்டும் கேட்டார். வழக்கில் என் பெயரும் சேர்ந்தது. அடித்தவர்கள் சிறைக்குப் போய் ஜாமீனில் வந்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. அவர்களில் ஒருவனுக்கு நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவன் அம்மா இப்போது என்னைக் கண்டால் பாதையின் மறுபக்கம் போய்விடுகிறாள். பள்ளி வேலையை நானே விட்டேன்.

செத்துப்போனவனின் மனைவி அண்ணனுக்கு அவ்வப்போது போன் செய்வாள். கடைசியாகக் கூட இருந்தவர் என்பதால், அவன் என்ன சொன்னான், தண்ணீர் கேட்டானா என்று திரும்பத்திரும்பக் கேட்பாள். ஒரு மதியம் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது அழைப்பு வந்தது. அந்த வரியை எழுதியது நான்தான் என்று அவளிடம் சொல்லுங்கள் என்றேன்.

"சொன்னா அந்தப் புள்ளைக்கு என்ன கெடைக்கும்?" என்றார்.

"எனக்குச் சொல்லோணுங்கண்ணா."

அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, இந்தியில் மெதுவாகச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை தட்டை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். சின்ன வாக்கியம். அழவில்லை, கத்தவும் இல்லை. அதையே இன்னொரு முறையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"என்னங்கண்ணா சொன்னா?"

"சரியாக் கேக்கல கண்ணு" என்று சொல்லிவிட்டு, அண்ணன் களத்துக்குப் போய்க் காயப்போட்ட காப்பியைக் கிளறத் தொடங்கினார். மலைகளுக்கு அப்பாலிருந்து வந்த சத்தத்தையெல்லாம் கேட்டு எழுதியவர், கையெட்டும் தூரத்தில் பேசிய போனைக் கேட்கவில்லை என்றார். அதன் பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். படுக்கையில் விழுந்த கடைசி மாதத்திலும் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார். அவர் போய் இது இரண்டாவது வருடம்.

அந்த வாக்கியத்தின் சத்தம் எனக்கு மறக்கவில்லை. பொருள் தெரியாமலே அப்படியே நினைவில் இருக்கிறது. இப்போது தலைச்சோலை எஸ்டேட்டுகளில் பழம் பறிக்க வடக்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். எங்கள் வாசல் குழாயில் தினமும் ஒரு பெண் தண்ணீர் பிடிக்க வருவாள். சிரிப்பாள், தமிழ் தெரியாது. போன வாரம் அவள் குடத்தை வைத்துவிட்டு நின்றபோது, கிட்டப் போய் அந்த வாக்கியத்தின் முதல் சொல்லைச் சொல்லிவிட்டேன். அவள் சட்டென்று நிமிர்ந்து, மீதியைக் கேட்கக் காத்திருந்தாள். குடம் நிறைந்துவிட்டது என்று குழாயைக் காட்டிவிட்டு நான் உள்ளே வந்துவிட்டேன்.