மாமா குறித்துக் கொடுத்த ஞாயிறு

என் சாமத்திய வீட்டு அல்பத்தை யாராவது எடுத்து விரித்தால் நான் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். சேலையும் சடைநாகமும் கழுத்து நிறைய இரவல் நகையுமாக ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை படத்துக்குப் படம் முறைத்துக்கொண்டு நிற்கும். பார்ப்பவர்கள், பாவம், வெட்கப்படுகிறாள் என்பார்கள். வெட்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது கோபம். இத்தனை வருஷம் போயும் அது ஆறவில்லை, ஆறவேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

கோபம் மாமா மேல். அம்மாவின் ஒரே தம்பி. எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு முன்னறைச் சோபாவில் படுத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தவர். ஞாயிறு பின்னேரங்களில் டிவியில் ஒரு மணித்தியாலம் அமெரிக்கன் ஃபுட்போல் காட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் பெடியன்கள் அதைப் பற்றியே கதைத்ததால் நானும் பார்க்கத் தொடங்கி, பைத்தியமாகிப் போயிருந்தேன். எட்டு வயது எனக்கு. சோபா மாமாவின் படுக்கை என்பதால் அவரும் பார்த்தே ஆகவேண்டியிருந்தது.

"பிள்ளை, உவங்கள் ஏன் ஓடி ஓடி நிக்கிறாங்கள்?" என்று கேட்பார்.

நான் சொல்லிக் கொடுத்தேன். பத்து யார்ட் தூரம் போக நாலு தரம் முயற்சி செய்யலாம், போனால் திரும்பவும் நாலு தரம், போகாவிட்டால் பந்து மற்றவனுக்கு. இதை விளங்கவைக்கவே இரண்டு ஞாயிறு போனது. மாமா ஊரில் கணக்குப் படிப்பித்தவர். ஆனாலும் ஒவ்வொரு விசிலுக்கும் என் முகத்தைத்தான் பார்ப்பார். அந்த வீட்டில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே பெரிய ஆள் அவர். அதற்காகவே அவரில் எனக்கு உயிர்.

தொண்ணூறுகள் பிறந்த கையோடு லண்டனுக்கென்று ஒரு சம்பள அணி வந்தது. விளையாட்டுக்காரர்கள் அநேகமாக அமெரிக்கர்கள், மைதானம் வெம்பிளி. குளிர்காலத்தில் அங்கே அமெரிக்காவில் பயிற்சி முகாம் நடந்தபோதே நான் பேப்பர்த் துண்டுகளை வெட்டி வைத்தேன். யாரை எடுத்தார்கள், யாரைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள், எந்த எறிகாரனுக்குத் தோள் நோ, எல்லாம் மனப்பாடம். ஆட்ட அட்டவணையைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினேன். பத்து ஆட்டம், பிறகு அரையிறுதி, அதற்குப் பிறகு சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம். எந்த அணிகள் வந்தாலும் கடைசி ஆட்டம் வெம்பிளியில்தான் என்று முதலே அச்சடித்திருந்தது.

அதே குளிர்காலத்தில்தான் நான் பெரியபிள்ளையானேன். கனடாவிலும் ஜெர்மனியிலும் இருந்து சொந்தங்கள் வரவேண்டும், வெயிலும் வரவேண்டும் என்று சாமத்தியச் சடங்கைத் தள்ளிப்போட்டார்கள். அதைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அளவெடுக்க மட்டும் கூப்பிட்டார்கள்.

ஆட்டங்கள் தொடங்கின. லண்டனில் ஆட்டம் என்றால் மாமாவும் நானும் விக்டோரியா வரை ரயில், பிறகு டியூப். அம்மா கட்டித் தந்த ரொட்டியும் சம்பலும் என் மடியில். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கும் அரைவாசி விளையாட்டு விளங்கவில்லை. நான் மாமாவுக்குச் சொல்ல, மாமா தன் உடைந்த ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொல்ல, எங்கள் வரிசையே எங்களைக் கேட்டுக் கேட்டுக் கைதட்டியது. அணி வென்றது. அடுத்த கிழமையும் வென்றது. வென்றுகொண்டே போனது. கத்தியதில் திங்கட்கிழமைகளில் எனக்குத் தொண்டை இருக்காது.

சீசனின் நடுவில் ஒரு நாள் அச்சகத்திலிருந்து அழைப்பிதழ் கட்டு வந்தது. ஒன்றை எடுத்துத் திகதியைப் பார்த்தேன். பிறகு குளிர்ப்பெட்டிக் கதவைப் பார்த்தேன். என் சாமத்திய வீடும் கடைசி ஆட்டமும் ஒரே ஞாயிறு.

அம்மாவிடம் ஓடினேன். அம்மா பயறு வறுத்துக்கொண்டிருந்தார். "அய்யர் மூண்டு ஞாயிறு தந்தவர். தாய்மாமன் இல்லாமல் ஆர் தண்ணி வாக்கிறது? அதுதான் உன்ரை மாமாட்டைக் கேட்டனான். ரெண்டை வெட்டிப்போட்டு இதை வைக்கச் சொன்னவர்."

மாமா வெட்டிய இரண்டு ஞாயிறிலும் லண்டனில் ஆட்டம் இருந்தது. நான் ஒட்டிய அட்டவணையைப் பார்த்தே வெட்டியிருக்கிறார். கடைசி ஆட்டத்து ஞாயிறு மட்டும் அவருக்குச் சும்மா கிடந்த நாளாகத் தெரிந்திருக்கிறது. அப்போது அவர் தனி அறை எடுத்துப் போயிருந்தார்; அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவரைக் கதவடியிலேயே மறித்தேன்.

"உவங்கள் பைனலுக்கு வருவாங்கள் எண்டு ஆர் கண்டது பிள்ளை? புது ரீம். பாதியிலை கவிண்டு போவாங்கள் எண்டு நினைச்சன்," என்றார். சிரிக்கவும் செய்தார்.

என் பக்கத்தில் இருந்து தொண்டை கிழியக் கத்திய மனிசன், தொடங்க முதலே தோல்வியை எழுதி வைத்திருந்தார். அது என்னைச் சுட்டது. நாளை மாற்றச் சொல்லி அப்பாவிடம் அழுதேன். மண்டபம் எடுத்தாயிற்று, டிக்கெட் போட்டாயிற்று, அய்யர் வைத்த நாள் என்றார். அய்யர் இல்லை, மாமா வைத்த நாள் என்றேன். வாயைக் குறை என்றார்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. என் அணி தோற்கவேண்டும் என்று நேர்ந்தேன். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனபோது, மற்றவர்கள் எனக்கு நல்ல வாழ்வு கேட்டுக் கும்பிட, நான் அரையிறுதியில் அவர்களைத் தோற்கடித்துவிடு என்று கும்பிட்டேன். அம்மன் கேட்கவில்லை. அமெரிக்காவில் நடந்த அந்த ஆட்டத்திலும் வென்றார்கள். நான் குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். "விளையாட்டுக்கு ஆரும் அழுவினமோ?" என்று அம்மா வெளியில் நின்று கேட்டார்.

மாமாவும் அந்தக் கிழமை முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். "என்ன செய்யிறது பிள்ளை, ரெண்டு பேருக்கும் குடுத்து வைக்கேல்லை," என்றார். அந்த 'ரெண்டு பேருக்கும்' என்ற சொல்லில்தான் நான் கொஞ்சம் இளகினேன். அவரும் போகவில்லைத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று விடிய, சுபநேரத்துக்கு, மாமா தேங்காய் உடைத்து, பாலும் அறுகும் வைத்து எனக்குத் தண்ணீர் வார்த்தார். மத்தியானம் மண்டபம். மேடையில் ஒரு பெரிய கதிரையில் என்னை இருத்தினார்கள். ஆலாத்தித் தட்டுகளோடு பெண்கள் இரண்டு இரண்டு பேராக வந்துகொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் நாடியை உயர்த்து, சிரி, மற்றப் பக்கம் பார் என்று உயிரை வாங்கினார். அப்போது மாமா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "அத்தான், சோடா காணாது. ஓடிப்போய் வாங்கியாறன்."

சோடா வரவில்லை. குடும்பப் படம் எடுக்க மாமாவைத் தேடினார்கள். வாசலில் பார்த்தார்கள், கார் நிறுத்துமிடத்தில் பார்த்தார்கள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எழும்பிப் போக என்னால் ஏலாது. சேலை குத்தூசிகளால் உடம்போடு பூட்டிக் கிடந்தது, எதிரே இருநூறு கண். சின்னம்மா ஒருத்தி சிரித்துக்கொண்டு சொன்னார்: "அவன் மட்ச்சுக்குப் போட்டான் போலை. ஆம்பிளையள், எங்கை ஒரு இடத்திலை இருப்பினம்?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஒரு பகிடியோடு மாமாவின் கணக்குத் தீர்ந்தது. விளையாட்டு என்னுடையது. நான் கற்றுக் கொடுத்தது. போனது அவர்.

மாமா வீட்டுக்கு வந்தபோது வெளியில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் உடுப்பு மாற்றி, தலையில் குத்திய ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். எனக்கென்று அணியின் தொப்பி ஒன்று வாங்கி வந்திருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"வெண்டிட்டம் பிள்ளை," என்றார். கத்திக் கத்திக் குரல் அடைத்திருந்தது. "கோவிக்காதை. ஏலாமல் போச்சு."

நான் ஊசியைக் கழற்றினேன்.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கையை ஆட்டி ஆட்டி முழு ஆட்டத்தையும் சொன்னார். கூட்டம் எப்படி எழும்பியது, யார் எறிந்தான், யார் பிடித்தான். நடுவில் நிறுத்தி, வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்டு மட்டும் விளங்கேல்லை. எங்கடையவன் பந்தோடை கோட்டைக் கடந்திட்டான். அதுக்குள்ளை நடுவர் மஞ்சள் துணியைத் தூக்கி எறிஞ்சிட்டார். சனம் அப்பிடியே அமைதியாப் போச்சு. பேந்து பாத்தா, புள்ளி எங்களுக்குத்தான். அதெப்பிடி? பக்கத்திலை கேக்கவும் ஆருமில்லை."

மஞ்சள் துணி விழுந்தால் யாரோ பிழை விட்டிருக்கிறார்கள்; விட்டது எதிரணி. அப்படியென்றால் எங்கள் அணி அந்தத் தண்டனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புள்ளியை வைத்துக்கொள்ளலாம். ஒன்பது வயதிலிருந்து எனக்கு அது தெரியும். மாமா காத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது மாமா," என்றேன்.