சுவரை மூடுவதற்கு முன்

ஆக்சிஜன் மெஷினின் வடிகட்டியைக் குழாயடியில் அலசிப் பிழிந்துகொண்டிருந்தாள் தையற்காரி. கல் அறுக்கும் பட்டறையில் புருஷனின் நுரையீரல் பாழான பிறகு, ஊசி பிடித்த விரல்கள் இந்த வேலைகளுக்குப் பழகிவிட்டன. உட்கார்ந்து அழ அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை.

பழைய வயர் மெஷினைத் தாங்கவில்லை. அடிக்கடி சூடேறி கரண்ட் போய்விடும். அவருக்கு உதடு நீலம் பாரிக்கும். அதனால் வயர்மேனாக இருக்கும் அவள் தம்பி, மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தான். பல்பு, சுவிட்ச் மாற்ற யாரையும் கேட்க வேண்டாம். புது லைன் என்றால் மின்வாரியத்தில் அனுமதி வாங்க வேண்டும். சுவரை மூடுமுன் அவர்களுடைய இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தாக வேண்டும். அனுமதி வாங்கியாகிவிட்டது. மறுநாள் காலை அவர் வருவதாக ஏற்பாடு.

வெட்டிய சுவரிலிருந்து உதிர்ந்த தூசியில் புருஷன் இருமித் துவண்டுபோனார். பொறுக்க முடியாமல், இன்ஸ்பெக்டர் வருமுன்பே கொத்தனாரைக் கூப்பிட்டு அவள் சுவரைப் பூசவைத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்த தம்பி ஈரச் சுவரைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தாள்.

"போகட்டும்க்கா. இன்ஸ்பெக்டர்கிட்ட ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்."

"ஆணி அடிச்சாக்கூட நாலு சட்டம் பேசுவே. இப்ப என்னடா வந்துச்சு? உள்ளே என்ன இருக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "வயர் ஒரு முழம் பத்தல. ஒட்டுப் போட்டு டேப் சுத்தியிருக்கேன். காலைல மாத்திடலாம்னுதான் இருந்தேன். நீ பூசிட்டே. ஒண்ணும் ஆகாதுக்கா."

"உங்க மாமா ராத்திரி பூரா அந்த ஒட்டை நம்பித்தான் மூச்சு விடணும்."

"இப்ப உடைச்சா மாமாவுக்குத் தூசி ஆகாதே."

"ஈரமா இருக்கறப்ப எடுத்தா கட்டியா வந்துடும். காஞ்சாதான் தூசி. அவரை நான் பாத்துக்கறேன். நீ உளியை எடு."

புருஷனையும் மெஷினையும் முன்னறைக்கு மாற்றினாள். பழைய லைனுக்குச் சுமை குறைய ஃப்ரிட்ஜை நிறுத்தினாள். கதவிடுக்கில் ஈரத்துணி திணித்தாள்.

"என்னைத்தான் ஆஸ்பத்திரில ரெண்டு தடவை கிழிச்சுத் தச்சாங்க," என்றார் அவர், மூச்சு விட்டு விட்டு. "இப்ப சுவத்துக்குமா?"

"பேசாதீங்க. இருமல் வரும்."

பூச்சு கட்டி கட்டியாக விழுந்தது. தம்பி கடை சாத்துமுன் ஓடிப்போய், ஒட்டில்லாத முழு வயராக வாங்கி வந்து இழுத்தான்.

காலையில் வந்த இன்ஸ்பெக்டர் குனிந்து, போர்டிலிருந்து பிளக் பாயிண்ட் வரை பார்த்தார். மீட்டர் வைத்துச் சோதித்தார்.

"நடுவுல ஒட்டு எதுவும் இல்லையே?"

தம்பி அக்காவைப் பார்த்தான்.

"நேத்து இருந்துச்சு சார். எடுத்துட்டோம்," என்றாள்.

அவர் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "லைனைப் போட்டுக்கலாம். சுவரையும் மூடிக்குங்க."

கொத்தனார் வரும்வரை வெட்டிய இடத்தின்மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள். புருஷனைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து, மெஷினைப் புது லைனில் மாட்டினாள். வெகுநேரம் ஓடியபின், காய்ச்சல் பார்ப்பதுபோலப் பிளக்கின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடில்லை. போய் ஃப்ரிட்ஜைப் போட்டாள்.