அத்தைக்குப் போடாத இலை

சித்தப்பா கல்யாணத்துக்கு முன்னால், கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு சுமங்கலிப் பிரார்த்தனை நடந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அம்பாள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. விளக்கேற்றாமல் நான் காபி குடித்ததில்லை. கோபமெல்லாம் அவள் பேரைச் சொல்லிக்கொண்டு ஆடியவர்கள் மேல்தான். அவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போனவர்களைத் திட்டக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நான் திட்டத்தான் போகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அத்தை, அதாவது அப்பாவின் ஒரே தங்கை, பெஹாலாவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் அத்திம்பேருக்கு, அலிப்பூரில் ஆபீஸ். கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அவளை ஆடி மாசமே எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அப்படித்தான் எங்களிடம் சொன்னார்கள். ஒத்தாசைக்கு வந்தவள் நாற்காலி ஓரத்தில் ஒருக்களித்து உட்காருவாள். நடக்கும்போது காலை அகட்டி வைப்பாள். பாத்ரூமுக்குப் போனால் உள்ளேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தம் கேட்கும். "அத்தைக்கு என்னம்மா?" என்று கேட்டால், "உனக்கெதுக்குடி அதெல்லாம், போய்ப் படி" என்று அம்மா விரட்டுவாள்.

அத்தைக்குப் பிறப்புறுப்பின் தோலில் வியாதி. ஓயாத அரிப்பு, எரிச்சல். தோல் வெளுத்து, மெலிந்து, காகிதம் மாதிரி ஆகி, லேசாகப் பட்டாலே கிழிந்துபோகும். இன்றைக்கு இதை நான் பச்சையாக எழுதிவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் "அந்த உபத்ரவம்", "அவ சமாசாரம்" என்பதற்கு மேல் ஒருத்தர் வாயிலும் எதுவும் வரவில்லை.

பேசுவதற்குத்தான் கூச்சம். வைத்தியம் செய்ய ஒருத்தருக்கும் கூச்சமில்லை. சுத்தம் போதாததால் வந்தது என்று அத்தையின் மாமியார் தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், சீயக்காய், மஞ்சள், போதாததற்கு ஒரு மூடி டெட்டால். தேய், நன்றாகத் தேய். குளித்து முடித்ததும் மடிப்புடவை. மடி என்றால் முதல் நாளே நனைத்து, யார் கையும் படாமல் கொடியில் உலர்த்திய ஒன்பது கஜம். கல்கத்தா மழைக்காலத்தில் எந்தக் கொடியில் எந்தத் துணி உலர்ந்தது? அந்த ஈரப்புடவையைக் கால்களுக்கு நடுவே கொடுத்து, பின்னால் இழுத்துக் கச்சம் செருகிக்கொண்டு, பூஜைக்குப் பூத்தொடுத்து, சமைத்து, மத்தியானம் வரை அவள் நிற்கவேண்டும். புண்ணாகிக் கிடக்கிற இடத்தில் ஈரத் துணியைப் போட்டு உரசவிட்டு, பகவானுக்குச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வலி கூடினால் சுத்தம் இன்னும் போதவில்லை என்று அர்த்தம். இன்னொரு மூடி டெட்டால்.

அப்பாவும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்ப் படர்தாமரைக்குக் களிம்பு கேட்டார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதும் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. எனக்குத்தான், காலில், என்றார் வங்காளத்தில். கடைக்காரர் நல்ல மனுஷர். "கோய், தேக்கி" என்று எட்டிப் பார்த்தார். எங்கே, காட்டுங்கள் என்று அர்த்தம். அப்பா பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, ஒரு கொசுக்கடிகூட இல்லாத காலைத் தூக்கிக் காட்டினார். கடைக்காரர் காலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பேசாமல் களிம்பை எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பாவின் காலுக்கு வாங்கிய அந்தக் களிம்பைத்தான் அத்தை போட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பாத்ரூமிலிருந்து வந்த சத்தத்தில் என் சிரிப்பு நின்றுபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்திம்பேர் வருவார். காபி குடிப்பார். அத்தை இருக்கும் பக்கம் திரும்பமாட்டார். ஒரு தடவை அப்பாவிடம், "எங்கேர்ந்து கொண்டுவந்தாளோ, யார் கண்டா? எனக்கும் ஒட்டிண்டா என்ன பண்றது? சரியானா அனுப்புங்கோ, இல்லேன்னா இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

"மெதுவாப் பேசுங்கோ மாப்ளே, கொழந்தை இருக்கா" என்றார் அப்பா.

கூடப்பிறந்தவளைச் சொன்ன சொல் அவருக்குச் சுடவில்லை. நான் கேட்டுவிட்டதுதான் சுட்டது. நானோ, அத்தை லேக் மார்க்கெட்டைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லையே, எங்கேயிருந்து எதைக் கொண்டுவந்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிரார்த்தனை நாள் வந்தது. வீட்டில் கல்யாணம் என்றால், அந்தக் குடும்பத்தில் சுமங்கலியாகவே கண்ணை மூடியவர்களை நினைத்து, சுமங்கலிகளை வரிசையாக உட்காரவைத்து இலை போட்டு, அவர்களே வந்து சாப்பிடுவதாகப் பாவித்து நமஸ்காரம் செய்வது எங்கள் வழக்கம். அந்த வீட்டில் பிறந்த பெண்ணுக்குத்தான் முதல் மரியாதை. ஒரு சின்னப் பெண்ணையும் கூட உட்காரவைப்பார்கள். அது நான். மஞ்சள் பட்டுப்பாவாடை, கையெல்லாம் மருதாணி. எனக்குப் பக்கத்து இலை அத்தைக்கு. அந்த ஒரு நாளுக்காக அவள் எத்தனை ஆசையோடு இருந்தாள் என்று எனக்குத் தெரியும். எல்லார் கண்ணுக்கும் வேண்டாதவளாகிவிட்டவளுக்கு, அம்பாளாவது நீ வேண்டும் என்று சொல்லப்போகிற நாள் அது. ஈர மடிசாரில், வலியை விழுங்கிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து நின்றாள்.

இலை போட்டாயிற்று. அப்போதுதான் பெஹாலாவிலிருந்து வந்திருந்த அத்தையின் மாமியார் வாயைத் திறந்தார்.

"ஏண்டிம்மா, இவளையா ஒக்கார வெக்கப்போறேள்? இப்படி ஒண்ண வெச்சுண்டு இவ எலைல ஒக்காந்தா அம்பாள் ஏத்துப்பாளா? நாளைக்கு வர்ற நாட்டுப்பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அத்தை அம்மாவைப் பார்த்தாள். "மன்னி, நீயாவது சொல்லேன்." அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

"நான் யார் வீட்டுல திருடினேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு அத்தை வாசல் பக்கம் போய்விட்டாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி அந்த இலையில் உட்கார்ந்தாள். வடை, போளி, பாயசம் எல்லாம் வந்தன. அம்பாள் அன்றைக்கு எந்த இலையில் சாப்பிட்டிருப்பாள்? எங்கள் வீட்டில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள் என்பது என் எண்ணம்.

மாடிப்படியில் கீழ்வீட்டு மாஷிமா நின்றிருந்தாள். அந்த வங்காளத்து அம்மாளை நாங்கள் எல்லாரும் மாஷிமா என்றுதான் கூப்பிடுவோம். மடி நாள் என்பதால் மேலே வரமாட்டாள். பூஜைக்குச் செம்பருத்தி கொண்டுவந்து படியிலேயே வைப்பாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுத அத்தையைப் பார்த்து, "கீ ஹோயேச்சே, மா?" என்று கேட்டாள். என்னம்மா ஆச்சு என்ற அந்த ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி அத்தை கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். தமிழில் எங்கள் யாரிடமும் சொல்லமுடியாததை வங்காளத்தில், வேற்று மனுஷியிடம் சொல்லமுடிந்திருக்கிறது. எங்களுக்கு இதைவிட ஒரு செருப்படி உண்டா?

மாஷிமா விடுவிடுவென்று மேலே ஏறி வந்தாள். மடியாவது ஒன்றாவது. கூடத்து நடுவில் நின்று, "தோம்ரா கீ மானுஷ்?" என்று கத்தினாள். நீங்களெல்லாம் மனுஷர்கள்தானா? பிறகு அத்தையின் கையைப் பிடித்தாள்.

"காரியம் முடியறதுக்குள்ள வாசப்படி தாண்டாதே" என்றார் அப்பா. அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது.

அத்தை தாண்டினாள். அந்த ஈர மடிசாரோடேயே டாக்சியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சாயங்காலம் சின்னதாக ஒரு களிம்புக் குழாயோடு திரும்பி வந்தாள். முகம் வேறு மாதிரி இருந்தது. "தொத்து வியாதி இல்லையாம் மன்னி. யார்ட்டேர்ந்தும் வரலையாம். அழுக்காலயும் இல்லையாம். ஒடம்பு தன் தோலையே பகையாளின்னு நெனச்சுண்டு சண்டை போடறதாம். தேய்க்கவே கூடாதுன்னா டாக்டரம்மா. சோப்பு, மஞ்சள், டெட்டால் ஒண்ணும் கிட்டவே வரப்படாதாம். ஈரத் துணியும் கூடாதாம்." அம்மா ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி பின்னால் போனாள்.

முதலில் தினமும், பிறகு குறைத்துக் குறைத்து அந்தக் களிம்பைப் போட்டாள். புரட்டாசி முடிவதற்குள் அரிப்பு அடங்கி, நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். ஆனால் வடுவாகிப் போனது போனதுதான், முன்னாலேயே வந்திருந்தால் இத்தனை ஆகியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாளாம். யார் வரவிட்டார்கள்? ஒரு தடவை வந்து டாக்டரம்மாவிடமே கேட்டுக்கொண்டு போகட்டும் என்று அத்தை அத்திம்பேருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் கடைசிவரை வரவில்லை. அத்தை எங்களோடேயே இருந்துவிட்டாள்.

போன வருஷம் எனக்கும் அதே வியாதி வந்தது. சில குடும்பங்களில் அப்படி வருமாம். நான் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன், மறுநாளே டாக்டரிடம் காட்டினேன். முழுக்கப் போகாது, அடக்கி வைக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றாகவும் மாறலாம், அதனால் வருஷம் தவறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார்கள். என்னோடு இருக்கும் அத்தை, "துளியூண்டு போட்டாப் போறும்டி, தோசைக்கு எண்ணெய் விடறாப்ல விடாதே" என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். அவள் பட்டதில் கால்பங்குகூட நான் படவில்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாகிறது.

அந்தப் பிரார்த்தனை நாள் சாயங்காலம் எல்லாரும் போனபிறகு, அத்தை பூஜை அறையில் கண்ணை மூடிக்கொண்டு எதையோ திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "லைக்கன் ஸ்க்ளீரோசஸ், லைக்கன் ஸ்க்ளீரோசஸ்." டாக்டரம்மா சொன்ன வியாதிப் பேரை மறந்துபோகாமல் இருக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நான் கிட்டே போய், அது எந்த ஸ்வாமியின் ஸ்லோகம் என்று கேட்டேன்.

"ஸ்வாமி இல்லடி. என் மேல தப்பில்லைன்னு அர்த்தம்" என்றாள்.

சமஸ்கிருதத்தில் அப்படி அர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து, மருதாணிக் கையைக் கூப்பிக்கொண்டு கூடவே சொன்னேன்.