ஹார்ப்போடு வார்டுக்குள் போன இளவரசி

இளவரசியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைச் சிதம்பரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. ஊசி என்றால் பயம். தெருவில் சாவு மேளம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு வெறும் மிக்ஸியை ஓட விடுவாள். இப்படியே ஒரு மிக்ஸி புகைந்து போனதாக அவள் கணவன் மணவாளன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அப்படிப்பட்டவள், சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாத்தியம் வாசிக்கிற படிப்பில் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் ஆசை படுத்திய பாடு.

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகள் அவள். சிதம்பரத்தில் வீணை படித்து, அங்கேயே வாக்கப்பட்டு, வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தாள். ஒருமுறை ஒரு கல்யாணத்துக்காகப் பாண்டிச்சேரி போனவள், மாதா கோயிலில் ஹார்ப் வாசிப்பதைக் கேட்டுவிட்டாள். நம் பழைய யாழுக்குத் தூரத்துச் சொந்தம் அது. வளைந்த மரச்சட்டமும் வரிசையாகத் தந்திகளும். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வாங்க வசதியில்லை, சொல்லித்தர ஆளும் இல்லை.

பிறகுதான் சிதம்பரத்தில் ஓர் அறக்கட்டளை ஹார்ப் பழக உதவித்தொகை தருகிறது என்று தெரிந்தது. மடியில் வைத்து வாசிக்கிற சின்ன ஹார்ப்பைக் கொடுத்து, ஆசிரியரையும் வரவழைப்பார்கள். நிபந்தனை ஒன்றுதான். பழகியபின் கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்து, அவர்கள் அமைதியாக இருக்கும்படி வாசிக்க வேண்டும். மாட்டேன் என்றால் ஹார்ப்பைத் திருப்பித் தந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை மட்டும் கசப்பு மாத்திரை மாதிரி கண்ணை மூடி விழுங்கிவிட்டுச் சேர்ந்துகொண்டாள்.

மாத்திரை வேலையைக் காட்டியது. ஹார்ப் பழகி முடித்துப் போன முதல் நாள், வார்டு வாசலில் மருந்து நெடி அடித்ததும், உள்ளே யாரோ முனகியதும்தான் அவளுக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது கடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள். வார்டு நர்ஸ் ஜான்சி போன் செய்தாள்.

"பயம் எல்லாருக்கும் வர்றதுதான். வியாழக்கெழம வாங்க. அன்னிக்கும் ஓடிட்டீங்கன்னா, நான் டிரஸ்டுல சொல்லித்தான் ஆவணும்."

வியாழக்கிழமை உள்ளே போனாள். ஜன்னலோரக் கட்டிலில் அமிர்தம் என்ற அம்மாள். காடாம்புலியூர்க்காரர். ஆயுசெல்லாம் முந்திரிக்கொட்டை வறுக்கிற புகையில் நின்று நுரையீரல் கெட்டுப்போனது. மூக்கில் ஆக்சிஜன் குழாய். பக்கத்தில் மகள் சந்திரலேகா, தூங்காத கண்ணோடு.

"அவுங்க மூச்சைப் பாத்து வாசிங்க," என்று ஜான்சி காதோரம் சொன்னாள். "வேகம் ஜாஸ்தி வேணாம். கச்சேரி மாரி முடிச்சிடாதீங்க. அப்படியே தேஞ்சு போறாப்ல விட்டுடுங்க."

எதைப் பார்க்கக் கூடாது என்று காலமெல்லாம் ஓடினாளோ, அதையே கண் கொட்டாமல் பார்க்க வேண்டியதாயிற்று. நெஞ்சு ஏறும். இறங்கும். பிறகு நின்றுவிடும். அவ்வளவுதான், போய்விட்டார் என்று இளவரசி நினைப்பாள். மறுபடி ஏறும். ஒவ்வொரு மூச்சுக்கும் செத்துப் பிழைத்தாள். ஆனாலும் விரல்கள் வாசித்தன. மெல்ல மெல்ல அந்த அம்மாளின் தோள் தளர்ந்தது. இழுப்பு குறைந்தது. சந்திரலேகாகூடச் சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடினாள்.

போதும், ஓடிவிடலாம் என்று இளவரசியின் மனசு அடித்துக்கொண்டது. அந்த அவசரத்தில் கை தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. வீணை படித்த கை அது. மங்களம் வாசிக்காமல் வாத்தியத்தைக் கீழே வைத்தால் குற்றம் என்று ஊறிப்போன கை. மத்தியமாவதி ராகத்தில் மங்களத்தை எடுத்துவிட்டாள்.

பஜனை மடத்தில் பாடுகிற சந்திரலேகாவுக்கு அது என்னவென்று தெரியாதா? தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள்.

"நிறுத்துடீ! எங்கம்மாவுக்கு மங்களம் பாடறியா நீ? இன்னா தைரியம் உனக்கு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அமிர்தத்தின் நெஞ்சு அசையவில்லை. கொன்றுவிட்டேன், என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று இளவரசிக்குக் கண் இருட்டியது. அப்போது அந்த அம்மாள் இருமினார். கண்ணைத் திறந்தார்.

"ஏண்டி கத்தற? அந்தப் பொண்ணு நடுங்குது பாரு." மூச்சு வாங்கினார். இளவரசியைக் கிட்டே வரச் சொல்லி விரலை அசைத்தார். "பயமா இருக்காம்மா?"

பொய் சொல்ல வரவில்லை. தலையாட்டினாள்.

"எனக்கும்தான். ரொம்ப பயமா இருக்கு. இவகிட்ட சொன்னா அழுவா." மகளுக்குக் கேட்காத குரல். "நீ வாசிக்கிறப்ப கொஞ்சம் மறந்துச்சு. வாசி."

இந்தத் தடவை எப்படி முடிப்பது என்று இளவரசி யோசிக்கவே இல்லை. அம்மாள் தூங்கும் வரை வாசித்து, தந்தி தானாக அடங்க விட்டாள். அவள் எழுந்தபோது அரைத் தூக்கத்தில் அம்மாள் கேட்டார்.

"நாளைக்கு வருவியா?"

"வர்றேம்மா."

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் முள்மேல் உட்கார்ந்து வந்தாள். பயம் ஒரு பொட்டும் குறையவில்லை. ஆனால் இது வேறு பயம். ஹார்ப் போய்விடுமே என்ற கவலைகூட அதில் இல்லை. அந்த அம்மாள் இருக்க வேண்டுமே என்று மட்டும் இருந்தது.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து மூடியிருந்தது.

திரை மூடினால் என்ன அர்த்தம் என்று இளவரசிக்கும் தெரியும். ஜான்சியைத் தேடினாள், காணோம். கால் வாசல் பக்கம் திரும்பப் பார்த்தது. வர்றேன் என்று சொல்லியிருக்கிறோமே. கண்ணை இறுக மூடிக்கொண்டு திரையை விலக்கினாள்.

"ஐயோ, சொல்லிட்டு வரக் கூடாதா! அம்மாவுக்கு ஒடம்பு தொடைக்கிறேன்ல?" என்றாள் சந்திரலேகா, கையில் ஈரத் துண்டோடு.

அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அமிர்தம் மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

"வந்துட்டியா? இவ நேத்து கத்துன கத்துல நீ வரமாட்டியோன்னு விடிய விடிய பயந்துகினே கெடந்தேன்."

இளவரசிக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. தோளில் ஹார்ப் தொங்கியபடியே துண்டை வாங்கி, அம்மாளின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள்.