நடுக் கண்மாயில் நின்ற பாய்ப்படகு

என் கையெழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் நிறைய வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

அருப்புக்கோட்டையில் ஒரு பருத்திக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறேன். பழைய முதலாளி காலமான பிறகு அவர் மகன்தான் முதலாளி. என்னைவிட ரொம்ப இளையவர். வெளியூரில் படித்தபோது ஏரியில் பாய்ப்படகுகள் ஓடுவதைப் பார்த்து அவருக்கு ஆசை பிடித்துவிட்டது. பழைய படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வடக்கே ஒரு பெரிய ஏரியில், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓட்டுகிற நெடுந்தூரப் பந்தயமாம். அதில் சேர வேண்டுமென்றால் படகில் இரண்டு பேர் இருக்க வேண்டும், படகுக்கு இன்சூரன்ஸும் இருக்க வேண்டும்.

காற்று படகைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்கம் கனம் வேண்டும். அந்தக் கனம் நான். "அண்ணே, நீங்க சும்மா உக்காந்தாப் போதும்" என்றார். கிட்டங்கி ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை ஆட்டிவிட்டேன்.

அந்த வருஷம் நல்ல மழை. நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து கிடந்தது. அங்கே பழகுவதாக ஏற்பாடு. படகு மிதப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பாலிசி என்று இன்சூரன்ஸ்காரரும் பைக்கில் வந்துவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியும்ல?"

"என்ன சார் இப்பிடிக் கேட்டுட்டீக? அண்ணன் கிராமத்துக்காரவுக. கெணத்துல குதிச்சு வளந்தவுக" என்றார் முதலாளி.

என் ஊர் திருச்சுழிக்குத் தெற்கே. எங்கள் வறண்ட கிணற்றில் குதித்தால் கால்தான் ஒடியும். அதை அவர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. முதலாளிக்கு நீச்சல் தெரியுமா என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நீச்சல் தெரியாதவரா படகு வாங்குவார்?

மிதவைச் சட்டை இரண்டு இருந்தது. எனக்குக் கொடுத்ததை என் மார்புக்குப் பூட்ட முடியவில்லை, சின்னது. நான் போடாமல் அவர் மட்டும் போட்டால் நன்றாக இருக்காது என்று அவரும் தன்னுடையதைக் காரிலேயே வைத்துவிட்டார்.

"திங்கக்கிழமை பாலிசி வந்துரும். அதுவரைக்கும் கீறல் விழாமப் பாத்துக்கங்க. விழுந்தா ஒண்ணும் கெடைக்காது" என்று சொல்லிவிட்டு இன்சூரன்ஸ்காரர் கரையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். காற்று பாயைத் தூக்கியது. கரை சட்டென்று தூரப் போனது. பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

நடுக் கண்மாயில் அடியில் ஏதோ முறிகிற சத்தம். படகு நின்றுவிட்டது. பக்கவாட்டில் போகாமல் இருக்கப் படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கும் பலகை ஒன்று உண்டு. வறண்ட வருஷங்களில் கண்மாய்க்குள் முளைத்த சீமைக்கருவேலம் தண்ணீருக்கடியில் அப்படியே நின்றிருக்கிறது. அதன் கவட்டையில் பலகை மாட்டிக்கொண்டது. மேலே இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. பாய் படபடவென்று அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் படகு சாய்ந்து, தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இறங்கி ஒரு தள்ளு தள்ளுங்க."

நான் தண்ணீரைப் பார்த்தேன். செங்கல் சூளைக்கு மண் அள்ளிய பள்ளங்கள் அந்தக் கண்மாயில் நிறைய. இங்கே இடுப்பளவு இருக்கும், ஒரு எட்டு வைத்தால் ஆளை முழுங்கும்.

"அண்ணே?"

"மொதலாளி, எனக்கு நீச்சல் தெரியாது."

என்னையே பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "எனக்கும் தெரியாதுண்ணே. நீங்க இருக்கீகன்னுதான் வந்தேன்."

கத்திக் கூப்பிடலாம் என்று நான் கையைத் தூக்கினேன். அவர் பிடித்து அமுக்கினார். "அவுகளுக்குத் தெரிஞ்சா பாலிசி போச்சு. பாலிசி இல்லாட்டிப் பந்தயமும் போச்சு. செத்த நேரம் பாப்போம்." இன்சூரன்ஸ்காரர் கரையிலிருந்து கை காட்டினார். முதலாளி சிரித்தபடி திருப்பிக் காட்டினார். நானும் காட்டினேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. இன்சூரன்ஸ்காரர் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார். கரையில் ஆடு மேய்த்த அம்மா ஒருத்தி நின்று பார்த்தாள். "என்னய்யா, நடுக் கம்மாயில கடை போட்டுட்டீகளா? யாவாரம் எப்பிடி?" முதலாளி அதற்கும் சிரித்தார். ஆனால் படகின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை.

காற்று திசை மாறியது. பாயின் கட்டை எங்கள் தலைக்கு மேல் சுழன்று மறுபக்கம் அடித்தது. படகு அந்தப் பக்கமாகக் கவிழப் போனது. என் முழங்கால்வரை தண்ணீர். என் மனைவி காலையில் கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டி கண் முன்னால் மிதந்து போனது. நான் எழுந்து பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"எங்களுக்கு நீச்சல் தெரியாதூ! ரெண்டு பேருக்குமே தெரியாதூ!"

கரையெல்லாம் கேட்டிருக்கும். ஆட்டுக்கார அம்மா மடைப் பக்கம் ஓடினாள். "ஏய், மீன்காரவுகளா! ரெண்டு பேரு முங்கப் போறாக, டியூப எடுத்துட்டு ஓடியாங்கய்யா!" இன்சூரன்ஸ்காரர் எழுந்து நின்றார். படம் எடுக்க வைத்திருந்த போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மீன் குத்தகை ஆட்கள் லாரி டியூபைத் தள்ளிக்கொண்டு வந்து எங்களை ஏற்றினார்கள். படகு பின்னால் சாய்ந்தபடி நின்றது. முதலாளி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாம் போச்சேண்ணே" என்றார்.

"ஆமா மொதலாளி."

"கைய மட்டும் விட்றாதீக."

கரையில் கால் படும்வரை விடவில்லை.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.