அச்சடித்தவருக்கு யார் சொல்வது?

திருகோணமலையில் அந்தக் காலத்தில் இக்னேசியஸுக்குத் தெரியாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. உட்துறைமுக வீதி அச்சகத்தில் மிதி மெசினை ஓட்டியவர் அவர்தான். மாப்பிள்ளை யார், பொம்பிளை யார், எந்தக் கோயில், எந்தப் பள்ளிவாசல், எல்லாம் அவர் கையால்தான் ஊருக்குப் போனது. ஆனால் ஒரு கல்யாணத்துக்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வீடு தேடிப் போய் அழைப்புக் காட் கொடுத்துச் சொல்வதுதான் நம்மவர் முறை. பெண்சாதி பிள்ளை இல்லாமல் அச்சகத்தின் பின்னறையில் படுத்தெழும்பும் மனிதருக்கு ஏது வீடு? மை காயாத காட்டுகளைக் கட்டிக்கொண்டு போனவர்கள், போன போக்கிலேயே அவரை மறந்துபோனார்கள். நல்ல ஊர்தான்!

ஒரு வருசம் மூதூர் ஸைனுலாப்தீன் தன் மகளின் கல்யாணக் காட் அடிக்க வந்தார். நெல் வியாபாரி, வாய் ஓயாத மனிதர். அச்சுப்பிழை திருத்தும் புரூவ் பார்க்கவென்று, குடாக்கடலைக் கடக்கும் லோஞ்சில் இரண்டு மூன்று தரம் வந்து, மெசினுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வீட்டுக் கதை முழுவதும் சொன்னார். அப்படி யாரும் இக்னேசியஸோடு இருந்து கதைத்ததில்லை. இக்னேசியஸும் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடத் தொடங்கினார். இந்தக் கல்யாணத்துக்காவது தனக்கு அழைப்பு வரும் என்று அவர் மனம் நம்பிவிட்டது. வெள்ளைச் சட்டை ஒன்று தைப்பித்தார். நகக்கண்ணில் ஏறியிருந்த மையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

அச்சடித்த காட்டுக் கட்டோடு போன ஸைனுலாப்தீன் திரும்பி வரவில்லை.

கல்யாணத்தன்று இக்னேசியஸ் புதுச் சட்டையோடு படகுத்துறை ஜெட்டிவரை போனார். மூதூர் லோஞ்ச் புறப்படும்வரை நின்றார். சொல்லாத கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு போவது? திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மெசினை மிதிக்கத் தொடங்கினார்.

அடுத்த கிழமை ஸைனுலாப்தீன் கல்யாண வீட்டு இனிப்பான தொதல் பார்சலோடு வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"ஏன் தம்பி வரல்ல?"

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லையே, நானா."

"உங்களுக்கென்னத்தச் சொல்ற? காட் முழுக்க உங்கட கையாலதானே வந்த! பிறத்தியாளுக்குக் குடுக்கிற மாதிரி உங்களுக்கும் குடுக்கவா? ஒரு பெரிய சஹன் தட்டைச் சுத்தி ஆறு பேர் இருந்து தின்றது எங்கட வழக்கம். அண்டைக்கு எங்கட சஹன்ல ஐஞ்சு பேர்தான் இருந்த. உங்கட இடத்துல வேற ஆள இருத்த எனக்கு மனம் வரல்ல."

இக்னேசியஸ் மெசினை நிறுத்தினார். மையேறிய கையைத் துணியில் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"எந்தப் பக்கம் நானா, என்ட இடம்?"

"என்ட வலப்பக்கம்," என்றார் ஸைனுலாப்தீன்.