விஷத்தை விஷமென்று சொல்லி விற்றவர்

கல்லிடைக்குறிச்சியில் உரக்கடை வைத்திருந்த மைதீன் அண்ணாச்சி காலமாகிவிட்டார். நான் வயலில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது. மண்வெட்டியை வரப்பில் ஊன்றிவிட்டு அப்படியே நின்றேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அவர் கடைப் படியேறாத விவசாயி குறைவு. பயிரில் நோய் கண்டால் வேரோடு பிடுங்கி எடுத்துவரச் சொல்வார். கண்ணால் பார்க்காமல் மருந்து தரமாட்டார். என்னைப் போல் எழுத்தறியாதவர்களுக்கு மருந்துப் பாட்டிலின் கழுத்தில் நூல் கட்டி, ஒரு தெளிப்பான் டேங்குக்கு எத்தனை மூடி ஊற்றவேண்டுமோ அத்தனை முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். யூரியாவை அள்ளிக் கொட்டுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "பயிரு கருகருன்னு நிக்குன்னு சந்தோசப்படாதேயும் வே. பூச்சிக்கு இலை போட்டு வச்சிருக்கீரு" என்று ஒருமுறை என்னிடமே சொன்னார்.

மருந்தடித்த ஒரு நாள் வரப்பிலேயே மயங்கி விழுந்தேன். அதோடு உரம், மருந்து எல்லாவற்றையும் விட்டேன். சாணம், வேப்பங்கொட்டைக் கரைசல், தக்கைப்பூண்டுத் தழையுரம் என்று மாறினேன். எல்லாரும் உம்மைப் போலச் செய்தால் ஊர் அரைவயிறுதான் சாப்பிடும் என்பார் அண்ணாச்சி. முழுவயிறு தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவா என்பேன் நான். பார்க்கும்போதெல்லாம் இதே சண்டைதான். இதற்குள் டவுன் பக்கம் பேட்டையிலிருந்து சில குடும்பத்தார், பிள்ளைகளுக்கு மருந்து படாத சோறு வேண்டுமென்று என் அரிசியைத் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள்.

ஒரு பிசானப் பருவத்தில், கதிர் பால்பிடிக்கும் நேரம், கீழ வயலில் புகையான் பூச்சி விழுந்தது. வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்தது. மூன்று தடவை கரைசல் அடித்தும் பூச்சி அடங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அண்ணாச்சி கடைக்குப் போனேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. அறுப்புக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, முடிச்சுப் போட்டுப் பாட்டிலைத் தந்தார். பயிர் பிழைத்தது.

அறுத்த அன்று என் புத்தி கெட்டது. மருந்து படாத மேல வயல் நெல்லையும் கீழ வயல் நெல்லையும் ஒரே குவியலாகத் தட்டிவிட்டேன். அந்தப் பக்கமாக வந்த அண்ணாச்சி பார்த்துவிட்டார். பேட்டைக்காரர்களுக்குத் தெரியவா போகிறது என்றேன். அவர் ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் பைய கேட்டார்:

"நான் விஷத்த விஷம்னு சொல்லித்தான் விக்கேன். நீரு இத என்னன்னு சொல்லி விக்கப் போறீரு?"

நெல்லை அரைத்து அரிசியாக்கினேன். அரிசிக்கு வந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். ஒருவர்கூட வாங்கவில்லை. "பிள்ளைக்குன்னு நம்பி வந்தோமே" என்றாள் ஒரு தாய். அந்தச் சொல் இன்னும் என் காதில் கிடக்கிறது. சாயங்காலம் அண்ணாச்சி வந்தார்.

"எனக்கு ரெண்டு மூடை போடும் வே. எம்புட்டு மருந்து விழுந்திருக்குன்னு எனக்குத் தெரியாதா? முடிச்சுப் போட்டவனே நாந்தான."

அதன்பிறகு ஒரு வருசம் யாரும் வரவில்லை. மறுவருசம் அந்தத் தாய் மட்டும் வந்தாள். மறைக்காமல் சொன்னீர்கள், அதனால்தான் வந்தேன் என்றாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள்.

அண்ணாச்சி கடைசிவரை தன் கட்சியை விடவில்லை. நானும் என் கட்சியை விடவில்லை. இன்று இயற்கை விவசாயம் பேசுகிற சிலர் அவரை விஷ வியாபாரி என்கிறார்கள். என் அரிசிக்கு இன்று இருக்கும் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அந்த வியாபாரிதான் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும்.

அவரை அடக்கிய கபர்க்குழியில் மூன்று பிடி மண் போட்டேன். கையில் ஒட்டியதைக் கழுவ மனம் வராமல் அப்படியே வயலுக்கு வந்தேன். கதிர் வெளிவந்து நிற்கிறது. இந்த வருசம் பூச்சி வருமோ, நான் தோற்பேனோ, எனக்குத் தெரியாது. தோற்றால் தோற்றேன் என்று சொல்லித்தான் கொடுப்பேன். நிம்மதியாக உறங்குங்கள், அண்ணாச்சி.